கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்



ஒரு கல்லின் கதையோடு தொடங்குகிறேன். பொருளாதாரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்ற அச்சம்தான் காரணம்!

1899ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு வணிகக் குழுமத்தின் அலுவலகம். அங்கே ஒரு கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பசிபிக் கடலில் உள்ள நவுரு என்னும் குட்டித் தீவிலிருந்து வந்த கல் அது. மரம் கல்லாக மாறிய புதைபடிவம் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அங்கு வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் என்பவருக்கு மட்டும் அதன்மேல் ஒரு சந்தேகம். ஒரு துண்டை உடைத்துச் சோதித்துப் பார்த்தார். அது உயர்ந்த ரகப் பாஸ்பேட் பாறை!

பாஸ்பேட் என்பது பாசுவரமும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள். உங்கள் எலும்பிலும் பல்லிலும் இருப்பது கால்சியம் பாஸ்பேட். உங்கள் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் மரபுச் செய்தியைத் தாங்கும் இழையில் பாசுவரம் இருக்கிறது. பாசுவரம் இல்லாமல் புல்கூட முளைக்காது. இதற்கு மாற்றாக வேறு எந்தத் தனிமத்தையும் பயிருக்குக் கொடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழைய மண். பாசுவரம் குறைந்த மண். ஆகவே பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்து சூப்பர் பாஸ்பேட் உரமாக்கிக் கோதுமை வயல்களிலும் ஆட்டு மேய்ச்சல் நிலங்களிலும் இட வேண்டியிருந்தது. அந்த நாட்டுக்கு நவுருவின் கல் புதையலாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நவுரு எவ்வளவு பெரியது தெரியுமா? மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். சைக்கிளில் இரண்டு மணி நேரத்திற்குள் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். ஓரத்தில் தென்னை மரங்கள் நிறைந்த குறுகிய கரை, நடுவில் மேடு. அந்த மேட்டில் சுண்ணாம்புப் பவளப்பாறைகள் கூம்பு கூம்பாக நிற்க, அவற்றின் இடுக்குகளில் எல்லாம் பாஸ்பேட் நிரம்பியிருந்தது. மிக நீண்ட காலம் கடற்பறவைகள் இட்ட எச்சத்திலிருந்து உண்டானது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

1906ஆம் ஆண்டு வாக்கில் தோண்டத் தொடங்கினார்கள். அப்போது தீவு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூட்டாகத் தோண்டின. கப்பல் கப்பலாகத் தீவு வெளியேறியது. ஆம், தீவேதான் வெளியேறியது! மண்ணை அள்ளிய பிறகு எஞ்சியது கூர்கூரான பாறைத் தூண்கள் மட்டும். அங்கே நடக்க முடியாது, பயிரிட முடியாது, வீடு கட்டவும் முடியாது. 1960களில் ஆஸ்திரேலிய அரசு, "உங்கள் தீவு இனி வாழத் தகுதியில்லாததாகிவிடும், எங்கள் நாட்டின் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டி வேறு ஒரு தீவு தருகிறோம், குடியேறிவிடுங்கள்" என்றது. தனி மக்களினமாகத் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் உரிமை அங்கே கிடைக்காது என்று கண்ட நவுரு மக்கள் 1964இல் அதை மறுத்துவிட்டார்கள். 1968ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று அவர்கள் விடுதலை பெற்றார்கள். 1970இல் சுரங்கமும் அவர்கள் கைக்கு வந்தது.

இனிதான் நம் பாடம் தொடங்குகிறது.

விடுதலைக்குப் பிறகு தோண்டுவது நிற்கவில்லை. விலை ஏறியது, பணம் கொட்டியது. 1970களில் தலைக்கு வருமானக் கணக்கில் உலகின் மிகப் பணக்கார நாடுகளின் வரிசையில் நவுரு நின்றது. வருமான வரி கிடையாது. கல்வி இலவசம், மருத்துவம் இலவசம். சொந்த விமானக் குழுமம் ஒன்று. 1977இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றையும் கட்டினார்கள். மீன் பிடித்தவர்களும் தென்னை வளர்த்தவர்களும் டப்பாவில் அடைத்த உணவைக் கடையில் வாங்கி உண்ணப் பழகினார்கள். அந்த ஆண்டுகளில் வெளியான எந்தப் பொருளாதார அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் நவுரு "வளர்ந்த" நாடு. அட்டவணையில் பிழை ஒன்றும் இல்லை, கூட்டல் சரிதான்!

பிறகு பாஸ்பேட் குறைந்தது. பிற்காலத்திற்கென்று சேர்த்து வைத்த நிதி தவறான முதலீடுகளில் கரைந்தது. 2004இல் கடனை அடைக்க அந்த 52 மாடிக் கட்டடம் விற்கப்பட்டது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் தோண்டப்பட்ட பாழ்நிலமாகக் கிடக்கிறது. நீரிழிவு நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் ஒன்றாக அது பெயர் வாங்கியது. இன்று ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர் அந்தக் குறுகிய கரையோரத்தில் நெருங்கி வாழ்கிறார்கள்.

நவுரு மக்களை அறிவற்றவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபது ஆண்டுகள் அவர்கள் நிலத்தை வெட்டி எடுத்த நாடுகள் கொடுத்த பங்கு சொற்பம். விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட நிலங்களைச் சீர்செய்யக் கோரி 1989இல் அவர்கள் ஆஸ்திரேலியாவின் மீது உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. மீதியைத் தோண்டியவர்கள் அவர்களே என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் முன்னே வைக்கப்பட்ட கணக்குப் புத்தகம் எத்தகையது? விற்ற பாறையின் விலையை "வருமானம்" என்று ஒரு பக்கத்தில் எழுதியது. குறைந்துபோன தீவை எழுத அதில் பக்கமே இல்லை.

வீட்டுக் கூரையிலிருந்து ஓடுகளை ஒவ்வொன்றாக உருவி விற்று மூன்று வேளையும் வயிறார உண்பவன், "இந்த மாதம் என் வருமானம் கூடிவிட்டது" என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு நாடு சொன்னால் மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?

நாட்டின் வளர்ச்சியை அளக்க எல்லா அரசுகளும் பயன்படுத்துவது மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் எண். ஓர் ஆண்டில் ஒரு நாட்டில் உற்பத்தியாகும் பொருள்கள், செய்யப்படும் பணிகள் ஆகியவற்றின் சந்தை மதிப்பின் கூட்டுத்தொகை அது. பணம் கைமாறினால்தான் பெரும்பாலும் அது கணக்கில் ஏறும். உங்கள் பாட்டி காலை முதல் இரவு வரை தங்கையைப் பார்த்துக்கொள்கிறார், கணக்கில் சுழியம். தெருக்கோடி வேப்பமரம் நாளெல்லாம் நிழல் தருகிறது, சுழியம். அதை வெட்டி விறகுக் கடைக்கு விற்றால் வளர்ச்சி! ஊர்க் கிணற்று நீர் குடிக்க ஏற்றதாக இருந்தவரை அதற்கு மதிப்பில்லை. சாயக் கழிவோ தோல் கழிவோ கலந்து அது கெட்டு, வீட்டுக்கு வீடு தண்ணீர் கேன் வாங்கத் தொடங்கினால் ஒவ்வொரு கேனும் நாட்டு வருமானத்தில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து நோயுற்றவர் மருத்துவருக்குக் கட்டும் பணமும் சேர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் நாட்டு வருமானத்தை முறையாகக் கணக்கிட்டுத் தந்த சைமன் குஸ்நெட்ஸ் என்ற அறிஞரே, 1934இல் அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையில், ஒரு நாட்டின் நலத்தை இந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்று எச்சரித்தார். வெப்பமானியைச் செய்தவரே "இதைக் கொண்டு எடை பார்க்காதீர்கள்" என்று சொன்னது போல. நாம் எடைதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கணக்கை மாற்றி எழுதிவிட்டால் போதுமா? போதாது என்பது என் எண்ணம். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதற்கு உங்கள் கணக்குப் பாடமே சாட்சி.

ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ச்சி என்றால் மிகக் குறைவு என்று செய்தித்தாள்கள் வருந்தும். கூட்டு வட்டியில் ஒரு தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டாகும் என்று அறிய எளிய வழி, 70ஐ விகிதத்தால் வகுப்பது. 70ஐ 3ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 ஆண்டுகள். 7 விழுக்காடு என்றால் பத்தே ஆண்டுகள். ஒரு பொருளாதாரம் ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்தால் முப்பது ஆண்டுகளில் எட்டு மடங்காகிவிடும். நீங்கள் ஐம்பது வயதை எட்டும் முன்பே!

இப்போது ஆற்றலைப் பாருங்கள். மனிதர் அனைவரும் சேர்ந்து பயன்படுத்தும் ஆற்றல், சூரியனிலிருந்து புவியின் மேல் வந்து விழும் ஆற்றலில் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. மிகச் சிறிய பங்கு, கவலையே இல்லை என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் 2ஐ 2ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 8, 16... பதின்மூன்றாம் அடியில் 8192 வந்துவிடும். ஒவ்வோர் அடிக்கும் இருபத்து மூன்றரை ஆண்டு. ஆக, நம் ஆற்றல் பயன்பாடு ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ந்துகொண்டே போனால், முந்நூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டியதும், புவியின் மேல் விழும் சூரிய ஒளி முழுவதற்கும் சமமான ஆற்றலை நாம் எரித்தாக வேண்டும். அணுவிலிருந்து எடுத்தாலும் சரி, வேறு எதிலிருந்து எடுத்தாலும் சரி, பயன்பட்ட ஆற்றல் முடிவில் வெப்பமாகத்தான் மாறும். அந்த வெப்பத்தில் எந்த உயிரும் பிழைக்காது. முந்நூறு ஆண்டு அப்படியொன்றும் நீண்ட காலம் அன்று. தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்திற்கும் நமக்கும் உள்ள இடைவெளிதான்.

"அதுவரை யாரும் காத்திருக்கமாட்டார்கள், கருவிகள் சிக்கனமாகிவிடும்" என்று நீங்கள் மறுக்கலாம். நல்ல மறுப்புதான். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறதே! ஆனால் ஒரு விளக்கு எரிந்த வீட்டில் இப்போது எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 1865இலேயே இங்கிலாந்தின் வில்லியம் ஜெவன்ஸ் இதைக் கவனித்துவிட்டார். நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியது; மலிவானதால் மேலும் மேலும் எந்திரங்கள் வந்தன. சிக்கனம் நல்லது. எல்லையைத் தள்ளிப்போட அது உதவும். எல்லையே இல்லாமல் செய்துவிடாது.

இங்கே ஒரு தமிழரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர். அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவர். பிறகு காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தார். சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த அவருடைய நூல், நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இயற்கை தரும் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய், உலோகத் தாது போன்றவை தொட்டியில் தேங்கிய நீர். எடுக்க எடுக்கக் குறையும். மழை, ஆறு, காடு, உழைப்பு போன்றவை ஓடும் நீர். அளவறிந்து எடுத்தால் மீண்டும் வரும். தொட்டி நீரை நம்பிய வாழ்க்கை சண்டையில் முடியும் என்றார் அவர். ஏனென்றால் தொட்டி யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

மூலதனம் வேறு, வருமானம் வேறு என்பது தணிக்கையாளரின் முதல் பாடம். நாடுகளின் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, "மூலதனத்தைச் செலவழித்துவிட்டு வருமானம் என்று எழுதியிருக்கிறீர்களே!" என்று சிவப்பு மையால் கோடிட்டவர் குமரப்பா என்றே நான் அவரை நினைத்துக்கொள்வேன். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. பெரிய எந்திரங்களின் மேல் அவருக்கு இருந்த அவநம்பிக்கை எனக்கு இல்லை. தடுப்பூசியைக் கைத்தறி போல வீட்டுக்கு வீடு செய்ய முடியாது அல்லவா?

இதனால்தான் வளர்ச்சி என்ற சொல்லையே வெறுப்பவர்களோடு நான் சேர மாட்டேன். விடுதலை பெற்ற காலத்தில் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பது வயதை ஒட்டியே இருந்தது. இன்று எழுபதை ஒட்டியிருக்கிறது. பெரியம்மை ஒழிந்தது. உங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவர் ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம். மழைக்கு ஒழுகும் வீட்டில் இருப்பவரிடம் போய், "போதும், நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்ல, மூன்று கார் வைத்திருப்பவருக்கு உரிமை இல்லை. யாருக்கு இன்னும் வேண்டும், யாருக்குப் போதும் என்பதைச் சேர்த்துக் கேட்காமல் இந்தப் பேச்சைப் பேசுவது அநீதி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1970களில் கேரளத்தின் தலைக்கு வருமானம் இந்தியச் சராசரியைவிடக் குறைவு. ஆயினும் எழுத்தறிவிலும், குழந்தைகள் பிழைப்பதிலும், ஆயுளிலும் அது நாட்டின் மற்ற மாநிலங்களைவிட மிகவும் முன்னே நின்றது. பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் நியாய விலைக் கடையும் எட்டும் தூரத்தில் இருந்ததே முக்கிய காரணம். அதே காலத்தில்தான் நவுரு பணத்தில் மிதந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் நாளைய சமுதாயம் எப்படி இருக்கும்? மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்கிறேனோ என்று பயப்படாதீர்கள். பாசுவரத்தையே எடுத்துக்கொள்வோம். பாறையிலிருந்து உரம், உரத்திலிருந்து நெல், நெல்லிலிருந்து நாம். நம்மிடமிருந்து? கழிவறை, சாக்கடை, ஆறு, கடல்! ஒரு முனையில் தோண்டி மறுமுனையில் கொட்டும் நேர்கோடு இது. நம் நாடு தனக்கு வேண்டிய பாஸ்பேட்டில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வாங்கி, இறுதியில் கடலில் கரைக்கிறது.

இந்தக் கோட்டை வளைத்து வட்டமாக்க முடியாதா? நம் முன்னோர் கோடையில் ஏரி வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தார்கள். மழையில் வயலிலிருந்து ஓடிய சத்து மீண்டும் வயலுக்கே திரும்பியது. இன்னொன்றும் சொல்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நம் உடலிலிருந்து வெளியேறும் பாசுவரத்தில் பாதிக்கும் மேல் சிறுநீரில்தான் இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறியில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, சிறுநீரைத் தனியாகப் பிரித்துச் சேர்க்கும் பொதுக் கழிப்பறை கட்டினார்கள். அதைப் பயிருக்கு உரமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே கழிப்பறைக்குப் போனவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குத்தான் காசு கொடுத்தார்கள்! சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் நவுருவின் 52 மாடிக் கட்டடத்தைவிட முசிறிக் கழிப்பறையே எதிர்காலத்துக்குரிய கட்டடம் என்பேன்.

இப்படியே மற்றவற்றையும் எண்ணலாம். கழற்றிப் பழுதுபார்க்க முடியாத கைப்பேசியை விற்பதற்கு ஏன் அனுமதிக்க வேண்டும்? ஆளுக்கொரு வண்டிக்குப் பதில் பத்து நிமிடத்திற்கொரு பேருந்து வந்தால் எத்தனை பெட்ரோலும் எத்தனை ஏக்கர் சாலையும் மிச்சமாகும்? அத்தகைய ஊரில் நாட்டு உற்பத்தி எண் ஒருவேளை குறையவும் கூடும். உங்கள் அம்மாவுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எந்த அட்டவணையில் எழுதுவார்கள்? இதற்கு விடை கண்டுபிடிக்கும் பொருளாதார அறிஞர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. செலவில்லாத ஆய்வு. உங்கள் ஊரில் வயது முதிர்ந்த உழவர் ஒருவரிடம் போய், "தாத்தா, உங்கள் சிறு வயதில் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் கிடந்தது?" என்று கேளுங்கள். அவர் மகனிடம் முதல் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போட்டார் என்று கேளுங்கள். கடைசியாகப் போட்ட கிணறு எத்தனை அடி, ஓர் அடிக்கு என்ன கூலி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத் தாளில் கிடைக்கோட்டில் ஆண்டையும், நிலைக்கோட்டில் ஆழத்தையும் குறியுங்கள். அதே தாளில், வேறு நிற மையால், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆன செலவைக் குறியுங்கள். இரண்டாவது கோடு நாட்டு வருமானத்தில் சேர்ந்தது. முதல் கோடு எதிலும் சேரவில்லை. வரைந்து முடித்ததும் அந்தத் தாளைத் தாத்தாவிடம் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள்.